விமான ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் மாடல்: பிரஷர் 600 பார் காட்டுது, சிமுலேஷன் நகர மாட்டேங்குது

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். தஞ்சாவூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இறுதியாண்டு. நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட் இது: போர் விமானத்தின் எலிவேட்டரை (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பரப்பு) அசைக்கும் எலக்ட்ரோ-ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரை (மின் கட்டளைப்படி எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் பிஸ்டன்) சிமுலிங்க் மென்பொருளில் மாடல் செய்வது. ரெடிமேட் ஹைட்ராலிக் பிளாக்குகள் உள்ள சிம்ஸ்கேப்புக்கு லைசென்ஸ் கிடையாது. சமன்பாடுகளை நாங்களே பிளாக் போட்டு எழுதியிருக்கிறோம்.

எடுத்துக்கொண்ட எண்கள்: சப்ளை 207 பார், ரிட்டர்ன் 0. பிஸ்டன் பரப்பு இரண்டு பக்கமும் 10 சதுர செ.மீ. நடுவிலிருந்து இரு பக்கமும் 42 மி.மீ. ஓட்டம், முனைகளில் 2 மி.மீ. இடைவெளி. போர்ட், குழாய் எல்லாம் சேர்த்து இரண்டு அறைகளின் எண்ணெய்க் கொள்ளளவு 120 கன செ.மீ. எலிவேட்டர் ஹார்ன் (பிஸ்டன் தள்ளும் கை) நீளம் 100 மி.மீ., கீல் அச்சைச் சுற்றி நிலைமத் திருப்புத்திறன் 4 கி.கி.மீ². எண்ணெயின் பல்க் மாடுலஸ் (அமுக்கத்துக்கு எதிரான விறைப்பு) 700 மெகாபாஸ்கல். எண்ணெயை அறைகளுக்குத் திருப்பிவிடும் சர்வோ வால்வின் கேட்டலாக்கில் 5 லிட்டர்/நிமிடம் என்று போட்டிருக்கிறது.

பிரச்சினைகள்:

முதலாவது, ஓ.டி.இ.45 சால்வரில் (சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் நிரல்) ஸ்டெப் அளவு 10⁻⁹ வினாடிக்கு இறங்கிவிடுகிறது. 0.3 வினாடி ஓட 20 நிமிடம் ஆகிறது.

இரண்டாவது, ஒரு அறையில் 600 பார், இன்னொன்றில் −150 பார் வருகிறது. சப்ளையே 207தானே?

மூன்றாவது, வால்வை முழுதாகத் திறந்தால் எலிவேட்டர் வினாடிக்கு 80 டிகிரியாவது ஓட வேண்டும். 48 டிகிரிதான் ஓடுகிறது.

நாலாவது, பொசிஷன் லூப்பில் வேக கெயின் (நிலைப் பிழைக்கு எவ்வளவு வேகம் கட்டளையிடுவது என்ற பெருக்கு எண்) 80 வைத்தால் விடாமல் அதிர்கிறது. இன்டெக்ரல் சேர்த்தும் பார்த்தாச்சு, இன்னும் மோசம்.

இதை வைத்து ஜனவரிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கே பிழை என்று சொல்லுங்கள் சார்.

குடமுருட்டி

எண்களை முழுசாகக் கொடுத்ததற்கு நன்றி. பாதிப் பேர் அதைக் கொடுக்காமலே "ஓட மாட்டேங்குது" என்பார்கள். முதல் மூன்றுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

600 பாரிலிருந்து ஆரம்பிப்போம். சப்ளையைத் தாண்டி அழுத்தம் ஏறிய பிறகும் அறைக்குள் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். வால்வு சமன்பாட்டில் வர்க்கமூலத்துக்குள் அழுத்த வித்தியாசத்தின் தனிமதிப்பைப் போட்டிருப்பீர்கள், வெளியே அதன் குறியைப் பெருக்க மறந்திருப்பீர்கள். வித்தியாசம் எதிர்மறையானால் ஓட்டமும் எதிர்மறையாக வேண்டும். நாலு துவாரங்களுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: சப்ளையிலிருந்து முதல் அறை, முதல் அறையிலிருந்து ரிட்டர்ன், இதே மாதிரி இரண்டாவது அறைக்கு இரண்டு. ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) ஒரு பக்கம் போகும்போது இரண்டு திறக்கும், இரண்டு மூடும். ஒரே சமன்பாட்டில் சுருக்கி எழுதுவது லீனியர் மாடலுக்கு மட்டும்.

நிஜத்திலும் அழுத்தக் குத்து வரும், ஆனால் உங்கள் எண்களுக்கு இவ்வளவு வராது. பிஸ்டன் வினாடிக்கு 0.14 மீட்டரில் போகும்போது வால்வை டக்கென்று மூடினால், எண்ணெய் ஸ்பிரிங் மாதிரி அந்த நகர்வை வாங்கிக்கொள்ளும். இரு அறைகளுக்கும் இடையே சுமார் 135 பார் வித்தியாசம் வரும். நடு அழுத்தம் 103 என்றால் ஒரு பக்கம் 171, மறுபக்கம் 36. இதை வெகுவாகத் தாண்டினால் மாடலில் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம். −150 பார் என்பது இருக்கவே முடியாது. எண்ணெய் இழுவையைத் தாங்காது, குமிழ் விட்டுவிடும். அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது பல்க் மாடுலஸ் சரியுமாறு எழுதினால் இது தானாகவே அடங்கும்.

அப்படியே இரண்டாவது அறையின் கொள்ளளவையும் சரிபாருங்கள். முதல் அறை 60 கூட்டல் பரப்பு × நகர்வு என்றால், இரண்டாவது 60 கழித்தல் பரப்பு × நகர்வு.

அடுத்தது சால்வர். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குப் பிரிகிற மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் மூழ்கி இருக்கும்போது பாய்கிற தண்ணீர், மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வித்தியாசம் 4 அடியிலிருந்து 3½ அடியானால் ஓட்டம் நூற்றுக்கு ஆறு பங்குதான் குறையும், மதகைப் பார்க்கும் லஸ்கர் ஷட்டரைத் தொட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கும்போதோ, ஓர் அங்குலம் ஏறி இறங்கினாலே ஓட்டம் திசை மாறிவிடும். வர்க்கமூலத்தின் சரிவு பூஜ்யத்தில் முடிவிலி. உங்கள் சால்வர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு ஸ்டெப்பைச் சுருக்கிக்கொண்டே போகிறது. சிறிய வித்தியாசத்தில் ஓட்டம் நேர்விகிதமாக மாறும் என்று எழுதுங்கள். அதற்கு நல்ல வடிவம் இது: அழுத்த வித்தியாசத்தை, (அதன் வர்க்கம் + மாறுநிலை அழுத்தத்தின் வர்க்கம்) என்பதன் நாலாம் மூலத்தால் வகுப்பது. மாறுநிலை அழுத்தம் 1 பார் போதும். குறியும் இதிலேயே வந்துவிடும், தனியாகப் பெருக்க வேண்டாம்.

அதன் பிறகும் ஓ.டி.இ.45 உங்களுக்குச் சரிப்படாது. பிஸ்டன் ஒரு முனைக்குப் போகும்போது சின்ன அறையில் 18 கன செ.மீ. எண்ணெய்தான் இருக்கும். வினாடிக்கு 1 கன செ.மீ. ஓட்டம் கணக்குத் தப்பினாலே அழுத்தம் வினாடிக்கு 390 பார் வேகத்தில் ஏறும். எலிவேட்டரோ அதே நேரத்தில் சாவகாசமாக நகர்கிறது. இப்படி வேகமும் மந்தமும் ஒரே மாடலில் கலந்திருந்தால் ஓ.டி.இ.15எஸ் அல்லது ஓ.டி.இ.23டி. முக்கியமாக, அப்சொல்யூட் டாலரன்சை ஒவ்வொரு மாறிக்கும் தனியாக வையுங்கள்: அழுத்தத்துக்கு 1000 பாஸ்கல், நகர்வுக்கு 10⁻⁷ மீட்டர். அழுத்தம் கோடியில் இருக்கிறது, நகர்வு நூறில் ஒரு பங்கில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே டாலரன்ஸ் வைத்தால் ஒன்று வீணாகத் துல்லியமாகும், மற்றது கோட்டைவிடும்.

மூன்றாவது கேள்வி சுலபம். கேட்டலாக்கில் உள்ள 5 லிட்டர், வால்வில் மொத்தம் 70 பார் விழும்போது பாய்கிற அளவு. சர்வோ வால்வு உலகத்தில் நீண்டகால வழக்கம் இது. நீங்கள் அதையே 207 பாருக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள், அதனால்தான் 48 டிகிரி வந்தது. 207-ஐ 70-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.72. சுமை இல்லாதபோது 8.6 லிட்டர் பாயும், பிஸ்டன் 0.143 மீ/வினாடி, எலிவேட்டர் 82 டிகிரி/வினாடி. சுமை ஏறினால் குறையும். சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு சுமைக்குப் போனால் (உங்கள் பிஸ்டனுக்கு 13.8 கிலோநியூட்டன்) வேகம் 47 டிகிரிக்கு இறங்கும். இந்த வளைவை அறிக்கையில் கட்டாயம் போடுங்கள்.

லிட்டர்/நிமிடத்தைக் கன மீட்டர்/வினாடி ஆக்க 60,000-ஆல் வகுக்க வேண்டும். 6,000 போட்டவர்கள் நிறையப் பேர்.

கொள்ளிடம் தென்கரை

நாலாவதுக்கு நான்.

முதலில் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். பிஸ்டன் பக்கத்திலிருந்து பார்த்தால் எலிவேட்டரின் நிறை = 4 ÷ 0.1² = 400 கி.கி. எண்ணெய் ஸ்பிரிங்கின் விறைப்பு = 4 × பல்க் மாடுலஸ் × பரப்பின் வர்க்கம் ÷ மொத்தக் கொள்ளளவு = 2.33 × 10⁷ நியூட்டன்/மீட்டர். இரண்டும் சேர்ந்தால் இயல்பு அதிர்வெண் 241 ரேடியன்/வினாடி, அதாவது 38 ஹெர்ட்ஸ். இது பிஸ்டன் நடுவில் இருக்கும்போது. முனையில் 54 ஹெர்ட்ஸுக்கு ஏறும். ஆகவே லூப்பை நடுவில் வைத்துத்தான் டியூன் செய்ய வேண்டும். உங்கள் அதிர்வை எண்ணிப் பாருங்கள், 38 பக்கத்தில் இருக்கும்.

வால்வை எல்லையில்லாத வேகம் உள்ளதாக எடுத்தால்கூட, வேக கெயின் 2 × டாம்பிங் விகிதம் (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற அளவு) × இயல்பு அதிர்வெண் என்பதைத் தாண்டக் கூடாது. டாம்பிங் 0.1 என்றால் எல்லை 48. நீங்கள் வைத்தது 80. பாதி மார்ஜின் விட்டு 24 வையுங்கள்.

24 ரொம்பக் குறைவு என்று தோன்றும். நாசா 1979-இல் வெளியிட்ட எஃப்-16 சிமுலேஷன் தரவில் எலிவேட்டர் ஆக்சுவேட்டர் 20.2 ரேடியன்/வினாடி முதல்வரிசை லேக் (எளிய தாமதம்), ±25 டிகிரி, 60 டிகிரி/வினாடி என்றுதான் இருக்கிறது. விமானத்தின் பறப்பியக்கத்தை மட்டும் படிப்பவர்களுக்கு அந்த மூன்று எண்களே போதும். எண்ணெய், வால்வு, சீல் எதுவும் வேண்டாம். உங்களுடையது ஆக்சுவேட்டரையே படிக்கிற வேலை, அதனால் உள்ளே போகிறீர்கள். எந்தக் கேள்விக்காக எந்த ஆழம் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், வைவாவில் பாதிக் கேள்வி அங்கேயே அடங்கும்.

டாம்பிங்கைக் கூட்ட இரண்டு வழி. பிஸ்டனின் இரு பக்கத்துக்கும் இடையே வேண்டுமென்றே கசிவு விடலாம். செய்யாதீர்கள். இப்போதுள்ள 0.1 டாம்பிங்கோடு 10 கிலோநியூட்டன் காற்றுச் சுமை நிலையாக அழுத்தினால் பிஸ்டன் 0.86 மி.மீ. விலகி நிற்கும், எலிவேட்டரில் அரை டிகிரி. கெயினை மாற்றாமல் கசிவை நாலு மடங்காக்கினால் விலகலும் நாலு மடங்கு, இரண்டு டிகிரி. நல்ல வழி, சுமை அழுத்தத்தை அளந்து, ஹைபாஸ் ஃபில்டர் வழியாக வால்வு கட்டளையிலிருந்து கழிப்பது. நிலையான சுமை ஃபில்டரில் நின்றுவிடும், அதிர்வு மட்டும் உள்ளே வரும். ஃபில்டர் 10 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கட்டும்: லூப்பின் 4 ஹெர்ட்ஸுக்கு மேல், 38-க்குக் கீழ்.

இங்கே வால்வின் வேகம் முக்கியமாகிறது. 60 ஹெர்ட்ஸ், டாம்பிங் 0.7 உள்ள வால்வு என்றால் 38 ஹெர்ட்ஸில் 56 டிகிரி பின்தங்கும். அழுத்தச் செய்தி தாமதமாக வந்து பாதி பயன்தான் தரும். 100 ஹெர்ட்ஸ் வால்வில் தாமதம் 32 டிகிரி. தேஜஸ் மாதிரி விமானங்களில் எண்ணெய்த் தாரையை வைத்து ஸ்பூலைத் தள்ளும் ஃபிளாப்பர்-நாசில் பைலட் நிலை இல்லாமல் மோட்டாரே ஸ்பூலைத் தள்ளும் டைரக்ட் டிரைவ் வால்வுகள். 2024 ஏப்ரலில் ஏ.டி.ஏ. (தேஜஸை வடிவமைத்த அமைப்பு) உள்நாட்டிலேயே செய்த லீடிங் எட்ஜ் ஸ்லாட் ஆக்சுவேட்டர்களை தேஜஸ் மார்க்-1ஏ-வுக்காக எச்.ஏ.எல்.-இடம் (அதைத் தயாரிக்கும் நிறுவனம்) ஒப்படைத்ததே, அவை மட்டும் சர்வோ வால்வு வகை. டைரக்ட் டிரைவ் வால்வை மாடல் செய்தால் டார்க் மோட்டாருக்குப் பதிலாக கரன்ட் லூப், ஸ்பூல் நிறை, ஸ்பூல் பொசிஷன் சென்சார் மூன்றும் வரும்.

இன்டெக்ரலை எடுத்துவிடுங்கள். எண்ணெய் பாய்ந்தால் பிஸ்டன் நகர்ந்துகொண்டே இருக்கும், அதிலேயே ஓர் இன்டெக்ரேட்டர் இருக்கிறது. மேலும் ஒன்று சேர்த்தால் சீல் உராய்வோடு சேர்ந்து இலக்கைச் சுற்றி முன்னும் பின்னும் வேட்டையாடும்.

ஃபிரீக்வென்சி ரெஸ்பான்ஸ் எடுக்கும்போது எந்த வீச்சில் எடுத்தீர்கள் என்று எழுதாத போடே படம் (அதிர்வெண்ணுக்கு எதிராக வீச்சும் ஃபேஸும் காட்டும் வரைபடம்) பயன்படாது. 82 டிகிரி/வினாடி எல்லையில் 1 டிகிரி வீச்சை 13 ஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். 10 டிகிரி வீச்சு 1.3 ஹெர்ட்ஸிலேயே வேக எல்லையைத் தொட்டுவிடும், அதன் பிறகு ஃபேஸ் மளமளவென்று சரியும். 1992-இல் ஒய்.எஃப்-22, 1993-இல் ஸ்டாக்ஹோமில் கிரிப்பன் விழுந்ததற்குப் பின்னால் இருந்த முக்கியக் காரணங்களில் இந்த வேக எல்லையும் ஒன்று. விமானி தள்ளுவதும் பரப்பு அசைவதும் எதிரெதிர்க் கட்டத்துக்குப் போய்விட்டன. 1, 5, 10 டிகிரி மூன்றுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள்.

மன்னை ஆயில்சீல்

தம்பி, கணக்கெல்லாம் அவங்க சரியாச் சொல்லிட்டாங்க. நான் எண்ணெய்ப் பக்கம் மட்டும் சொல்றேன். அந்த 700 மெகாபாஸ்கலை எல்லா அழுத்தத்துக்கும் ஒரே மாதிரி வைக்கிறது சரியில்லை.

சுத்தமான எண்ணெய் 1400 பக்கம் இருக்கும். அதைக் குறைக்கிறது ரெண்டு: ஓஸ் விரியறது, எண்ணெயில கலந்த காத்து. காத்து நூத்துக்கு ஒண்ணு (வெளிக்காத்து அழுத்தத்துல அளந்தது) கலந்திருக்குன்னு வெச்சுக்கங்க. 100 பார்ல அது நசுங்கிப் போய் ஒண்ணும் தெரியாது, 1380 நிக்கும். 20 பார்ல 1040. 10 பார்ல 580. 5 பார்ல 210தான். அதனால ரிட்டர்ன் பக்கம் அழுத்தம் இறங்குற அறைதான் மெத்துனு ஆகும். ஸ்டீல் குழாய் மட்டும் போட்டு, காத்தை நல்லா எடுத்துட்டா நடுவுல 1200 வைக்கலாம். ரப்பர் ஓஸ் இருந்தா 700-ஐ விடாதீங்க.

அளந்து பார்க்க ஆசைன்னா பெரிய செலவு இல்லை. ஒரு லிட்டர் பிடிக்கிற கனமான சிலிண்டர் (ராடைப் பூட்டிடணும்), கையால அடிக்கிற ஹைட்ராலிக் பம்ப், 250 பார் கேஜ், நீடில் வால்வு, 20 மில்லி மருந்து சிரிஞ்ச். காத்தை மேல்முனையில எடுத்துட்டு 150 பாருக்கு ஏத்துங்க. பம்ப்பை அடைச்சுட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு, கேஜ் நிக்குதான்னு பாருங்க. அப்புறம் நீடில் வால்வைத் துளித்துளியாத் திறந்து 50 பாருக்கு இறக்கி, வந்த எண்ணெயை சிரிஞ்ச்ல அளங்க. 7 மில்லின்னா 1400, 14 மில்லின்னா 700. அஞ்சு தடவை எடுங்க, முதல் தடவையைத் தள்ளிடுங்க.

கசியுதான்னு விரலால தடவிப் பார்க்கவே கூடாது. 150 பார்ல ஊசிமுனை ஓட்டை வழியா வர்ற எண்ணெய் தோலுக்குள்ள இறங்கிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகிடும், உடனே ஆபரேஷன். அட்டையை நீட்டிப் பாருங்க, கண்ணாடி போடுங்க. சிரிஞ்சையும் வால்வுல இறுக்கி மாட்டாதீங்க. வெளியே சொட்டுறதைக் கிண்ணத்துல பிடிச்சு, அப்புறம் உறிஞ்சி அளங்க.

இன்னொண்ணு. நம்ம ஊர் ஹார்வெஸ்டர்ல ஓடுறது மினரல் ஆயில், வி.ஜி. 46 இல்லேன்னா 68. பயணிகள் விமானத்துல பாஸ்பேட் எஸ்டர். அதுக்கு நைட்ரைல் சீல் தாங்காது, இ.பி.டி.எம். வேணும். இ.பி.டி.எம்.-ஐ மினரல் ஆயில்ல போட்டா ஊதிப் போயிடும். மாடல்லயும் அடர்த்தி மாறும்: மினரல் 860, எஸ்டர் 1000 கி.கி./கன மீட்டர் பக்கம். போர் விமான எண்ணெய் 860 பக்கம்தான், அதனால ஹார்வெஸ்டர் ஆயில்ல நீங்க அளக்கறது உங்க மாடலுக்குக் கிட்டக்க வரும்.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. குறியை விட்டதும் உண்மை, இரண்டாவது அறையில் கூட்டல் போட்டிருந்ததும் உண்மை. இரண்டையும் திருத்தி ஓ.டி.இ.15எஸ்-க்கு மாறியதும் 2 வினாடி ஓட்டம் 4 வினாடியில் முடிகிறது. அதிகபட்ச அழுத்தம் 174 பார். வேகம் 82 டிகிரி. கெயின் 24-இல் அமைதி.

இரண்டு சந்தேகம். உராய்வுக்கு 300 நியூட்டனும் வேகத்தின் குறியும் போட்டால், நிற்கும் இடத்தில் மறுபடி ஸ்டெப் சுருங்குகிறது. அப்புறம், கைடு "இதையே எலக்ட்ரோ-மெக்கானிக்கலாக மாற்றி ஒப்பிடு" என்கிறார். அது பெரிய வேலையா அண்ணே?

குடமுருட்டி

குறிக்குப் பதிலாக ஹைபர்பாலிக் டான்ஜென்ட் போடுங்கள், வேகத்தை 1 மி.மீ./வினாடியால் வகுத்து. வழுக்கல்-பிடிப்பு அதிர்வைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இது போதாது, லூகிரே மாதிரி விரிவான உராய்வு மாடல் வேண்டும். ஏனென்றால் டான்ஜென்ட் வைத்த பிஸ்டன் உண்மையில் நிற்காது, சுமைக்குக் கீழே மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். முனைத் தடுப்புக்கு 10⁸ நியூட்டன்/மீட்டர் ஸ்பிரிங், கூடவே டாம்பர். டாம்பர் பிஸ்டனைத் தடுப்போடு ஒட்டவைத்து இழுக்காதபடி விசையைப் பூஜ்யத்தில் வெட்டிவிடுங்கள்.

ஆக்சுவேட்டரை விமானத்தோடு பிணைக்கும் பிராக்கெட்டின் விறைப்பையும் சேருங்கள். அது 5 × 10⁷ என்றால் எண்ணெய் ஸ்பிரிங்கோடு தொடராகச் சேர்ந்து 38 ஹெர்ட்ஸ் 32-க்கு இறங்கும். அப்போது கெயின் எல்லையும் சேர்ந்து இறங்கும்.

கொள்ளிடம் தென்கரை

எலக்ட்ரோ-மெக்கானிக்கல் சமன்பாட்டில் சிறிது, விளைவில் பெரிது. மோட்டார் ரோட்டாரின் நிலைமத்தை பால்-ஸ்க்ரூ வழியாகப் பிஸ்டன் பக்கம் கொண்டுவாருங்கள். 10⁻⁴ கி.கி.மீ² ரோட்டார், 5 மி.மீ. லீட் ஸ்க்ரூ என்றால் 158 கி.கி. இடையில் 4:1 கியர் போட்டால் பதினாறு மடங்கு, 2500 கி.கி. உங்கள் எலிவேட்டரே 400தான். ஆக மோட்டார் தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளத்தான் டார்க்கில் பெரும்பகுதியைச் செலவிடும். அதோடு பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்), மோட்டார் சூடு. இதைவிடப் பெரிய விஷயம் ஸ்க்ரூ இறுகிப் போவது: ஹைட்ராலிக்கில் பழுதானால் பைபாஸ் வால்வைத் திறந்து பிஸ்டனைத் தொங்கவிடலாம், இறுகிய ஸ்க்ரூவை அப்படி விட முடியாது. ஏ380-இல் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்குத் துணையாக மின்சாரத்தில் ஓடும் எலக்ட்ரோ-ஹைட்ராஸ்டாட்டிக் ஆக்சுவேட்டர்களை வைத்தார்கள். மோட்டார், பம்ப், சிலிண்டர் மூன்றும் ஒரே உறைக்குள். ஒப்பிடுவதானால் அந்த வகையையும் மூன்றாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் சமன்பாடுகள் அப்படியே இருக்கும், வால்வை எடுத்துவிட்டு பம்ப் சுழற்சி × இடப்பெயர்ச்சி என்று மாற்றினால் போதும். பம்ப்பின் உள்கசிவை மறக்காதீர்கள், சுமையைப் பிடித்து நிற்கும்போது மோட்டார் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

மன்னை ஆயில்சீல்

சிரிஞ்ச் சோதனைக்குப் புது சிலிண்டர் வாங்காதீங்க. சம்பா அறுவடை தை, மாசியில முடிஞ்சதும் ஹார்வெஸ்டர் எல்லாம் பட்டறைக்கு வரும். ராடு கோடு விழுந்துச்சுன்னு கழிச்சுப் போட்ட சிலிண்டர் எடைக்கே கிடைக்கும். பேரல் உள்பக்கம் கீறல் இல்லாததாப் பார்த்து எடுத்து, பிஸ்டன் சீலை மட்டும் மாத்திக்கங்க. அறிக்கை ஜனவரியிலேயே போகணும்னா இப்பவே யாராவது பட்டறைக்காரர்கிட்ட ஒண்ணை இரவல் கேளுங்க. அளந்துட்டுத் திருப்பிக் குடுக்கறப்ப எண்ணெயை வடிச்சு, ரெண்டு போர்ட்டையும் மூடி போட்டுக் குடுக்கணும்.